டிவியிலேயே சரவுண்ட் இருக்கிறதே, தனி ஸ்பீக்கர் எதற்கு? வேலூர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் வீடு வீடாகப் போய் டிவி மாட்டுவதும் ஸ்பீக்கர் கட்டுவதும் என் வேலை. சுவரில் டிவி ஏறிய கையோடு வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சரவுண்டு உள்ளயே கீதுன்னு கடையில சொன்னாங்களேண்ணா, அப்புறம் எதுக்குத் தனியா?" நியாயமான கேள்வி. அதையும் அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் பதில்கள் நம் ஊர் ஹாலையும் நம் ஊர் வெயிலையும் மனதில் வைத்துச் சொன்னவை.

டிவி பெட்டியில் 'சரவுண்ட் சவுண்ட்', 'டால்பி அட்மாஸ்' என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

சரவுண்ட் என்றால் நம்மைச் சுற்றி ஒலி வருவது. 5.1 என்று சொல்வது முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ இரண்டு, அடி ஒலிக்கு (பேஸ்) ஒரு சப்-ஊஃபர். ஐந்து திசையில் உண்மையிலேயே ஐந்து ஸ்பீக்கர் பெட்டி இருக்கும்.

டிவிக்குள் ஐந்து திசை கிடையாது. எல்லா ஸ்பீக்கரும் அந்த ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. அதனால் டிவி வேறு வழியில் முயல்கிறது. ஒரு சத்தம் இடது காதுக்கும் வலது காதுக்கும் வந்து சேரும் நேரத்தில் இருக்கும் சின்ன வித்தியாசத்தையும், காது மடலில் பட்டு அது மாறும் விதத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாதித் தூக்கத்தில் பாயில் கிடந்தாலும் கட்டியங்காரன் குரல் எந்தப் பக்கம், மிருதங்கம் எந்தப் பக்கம் என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவோம். அந்த வித்தியாசங்களை டிவியில் இருக்கும் சிப் கணக்குப் போட்டு உண்டாக்கப் பார்க்கிறது. விலை கூடிய டிவிகளில் பக்கவாட்டிலும் மேல் நோக்கியும் ஸ்பீக்கர் வைத்து, சுவரிலும் கூரையிலும் ஒலியை அடித்துத் திருப்புகிறார்கள்.

அட்மாஸ் 2012-ல் தியேட்டருக்கும் 2014-ல் வீட்டுக்கும் வந்த, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் முறை. பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் அந்த முறையில் வரும் ஒலியை டிவியால் படிக்க முடியும் என்று பொருள். அதைக் காதுக்குக் கொண்டுவரும் அளவுக்கு ஸ்பீக்கர் உள்ளே இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வித்தை நம் வீட்டு ஹாலில் எடுபடுமா?

ஹாலைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. விற்கிறவர் ஹாலைப் பார்ப்பதில்லை.

டிவிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு பக்கமும் பாருங்கள். ஒலி பட்டுத் திரும்ப இரண்டு பக்கமும் சுவர் வேண்டும். நம் பக்கம் கட்டும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் சமையலறைக்கோ மாடிப்படிக்கோ திறப்பு. சுவர் இருக்கும் பக்கம் கார் ஓடுவது போலத் தெரியும், திறந்த பக்கம் ஒன்றுமே இருக்காது. சில வீடுகளில் ஒரு பக்கம் முழுக்கத் திரைச்சீலை தொங்கும். அதுவும் ஒலியை விழுங்கிவிடும்.

அடுத்து கூரை. மேல் நோக்கிய ஸ்பீக்கருக்குச் சமதளமான கூரை வேண்டும். ஏழரை அடியிலிருந்து 12 அடி உயரம் வரை இருந்தால் நல்லது என்று டால்பி நிறுவனமே சொல்கிறது. கான்கிரீட் தளம் போட்ட பத்தடி ஹால் இதற்குப் பொருத்தம். ஓட்டு வீட்டில் ஒலி சரிவில் பட்டு வேறு எங்கோ போய்விடும். தேக்கு உத்திரம் வரிசையாக ஓடும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டிலும் சிதறிவிடும். ஷீட் போட்ட மாடி அறையில் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, உட்காரும் இடம். இந்தக் கணக்கெல்லாம் டிவிக்கு நேர் எதிரே நடுவில் உட்காரும் ஒருவருக்காகப் போடப்பட்டது. நம் வீட்டில் அப்படி யார் உட்காருகிறார்கள்? பாட்டி காற்றுக்காகக் கதவோரம் நாற்காலியில், பிள்ளைகள் பாயில், இரண்டு பேர் சோபாவில், சமையலறை வாசலில் நின்றபடி ஒருவர். நடுவில் இருக்கிற ஒருவருக்குச் சரவுண்ட், மற்றவர்களுக்குக் கலங்கிய சத்தம் என்றால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சத்தம் எவ்வளவு கூட்டினாலும் வசனம் புரியவில்லை. டிவி பழுதா, காது பழுதா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான குறை இதுதான். சரவுண்ட் வேண்டும் என்று தொடங்குவார்கள், கொஞ்ச நேரம் பேசினால் "வசனம் கேட்டாப் போதும்" என்பதில் வந்து நிற்பார்கள்.

போன அக்னி நட்சத்திரத்தில் கொசப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். 55 அங்குல டிவி, தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில். பாட்டி நாற்காலியை இழுத்து இழுத்து டிவிக்கு மூன்றடி பக்கத்தில் வந்துவிட்டார். "அவங்களுக்குக் காது மந்தம்" என்றார் மருமகள். நான் டிவியின் அடிவிளிம்புக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் உள்ளங்கை அதிர்ந்தது. இரண்டு ஸ்பீக்கரும் தரையைப் பார்த்து இருந்தன. அதற்குக் கீழே அலமாரி, அலமாரி மேல் மடித்துப் போட்ட தடித்த துணி விரிப்பு. குரல் முழுக்க அந்தத் துணியில்தான் விழுந்துகொண்டிருந்தது. துணியை எடுத்தேன். டிவி மெனுவில் சரவுண்டை அணைத்துவிட்டுப் பேச்சுக்கான மோடை வைத்தேன். பாட்டி திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவர்கள் சின்னதாக இரண்டு பெட்டி வாங்கினார்கள். காது உயரத்தில், அவர் நாற்காலியைப் பார்த்தபடி வைத்துக் கொடுத்தேன். நாற்காலி கதவோரம் பழைய இடத்துக்கே போய்விட்டது.

ஏன் இப்படி என்றால், 'காட்டு', 'காத்து', 'காப்பு' என்று மூன்று சொல்லைச் சொல்லிப் பாருங்கள். 'கா' மூன்றிலும் ஒன்று. கடைசி உகரமும் ஒன்று. நடுவில் வரும் மெய்தான் சொல்லைப் பிரிக்கிறது. உயிர் ஒலிக்கு வலு அதிகம், மெய் ஒலி கண நேரத்தில் வந்து போய்விடும். அதை அடையாளம் காட்டும் ஒலி பெரும்பாலும் நொடிக்கு 2,000 அதிர்வுக்கு, அதாவது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அந்த உயர்ந்த ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, காட்டிய பக்கம்தான் போகும். ஸ்பீக்கர் தரையைப் பார்த்தால் அது தரைக்குத்தான். வயதானால் முதலில் குறைவதும் அந்த உயர்ந்த ஒலியைக் கேட்கும் திறன்தான். மிச்சத்தை ஃபேன் காற்று மூடிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் 'கா'வும் சேர்ந்து கூடுகிறது, காது வலிக்கிறது, சொல் மட்டும் பிடிபடுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 5.1-ல் செய்த படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாக வைக்கப்பட்டிருக்கும். இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவி அதை வெடிச் சத்தத்தோடும் இசையோடும் சேர்த்துப் பிழிந்து கொடுக்கிறது. நடுவில் குரலுக்கென்று ஒரு ஸ்பீக்கர் இருக்கும் செட்டில் குரலை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். தனி ஸ்பீக்கர் வாங்க என்னைக் கேட்டால் நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

டிவி சத்தமே போதும் என்று யாருக்குச் சொல்வீர்கள்?

படுக்கையறை, 32 அங்குலம், ஆறேழு அடி தூரம், செய்தியும் சீரியலும். அவர்களுக்குப் போதும். அந்த அறைக்கு ஹோம் தியேட்டர் கேட்டு வந்தவர்களை வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். பகலெல்லாம் பக்கத்தில் தறி ஓடும் குடியாத்தம் வீட்டுக்கும் சரவுண்ட் வீண். அங்கே முதல் வேலை ஜன்னலைச் சாத்துவது.

சவுண்ட்பாரா, தனித்தனிப் பெட்டிகளா?

வாடகை வீடு, ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார், தரையில் ஒயர் ஓடினால் பிள்ளை இழுக்கும் என்றால் சவுண்ட்பார், அதாவது டிவிக்கு அடியில் வைக்கும் நீளமான ஒற்றைப் பெட்டி. ஒரே ஒயர், ஒரே ரிமோட். வாங்கும்போது நடுவில் குரலுக்குத் தனிச் சேனல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். 3.1 என்று போட்டிருந்தால் இருக்கிறது. 2.1 என்றால் இல்லை. தலைக்குப் பின்னால் பெட்டியே இல்லாத 'விர்ச்சுவல்' சரவுண்ட் பாருக்கு, மேலே டிவிக்குச் சொன்ன அத்தனையும் பொருந்தும்.

சொந்த வீடு, மாதம் நாலு படம் குடும்பத்தோடு பார்ப்போம், பாட்டும் கேட்போம் என்றால் தனிப் பெட்டிகளும் ஒரு ஆம்ப்பும். முதல் நாளே ஐந்தும் வாங்க வேண்டியதில்லை. ஐந்து பெட்டிக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்பான ரிசீவரை வாங்கி, முன்னால் இரண்டு நல்ல பெட்டியோடு தொடங்குங்கள். தீபாவளிக்கு நடுப் பெட்டி, பொங்கலுக்கு ஊஃபர், பின்னால் வைப்பது அடுத்த வருஷம். இப்படிக் கட்டிய வீடுகளில்தான் இன்னும் ஒலி நன்றாக இருக்கிறது.

பின் பெட்டி எங்கே வைப்பது என்றும் கேட்பார்கள். நம் வீட்டில் சோபா பின்சுவரை ஒட்டியே இருக்கும், அதற்குப் பின்னால் இடம் இருக்காது. கவலை வேண்டாம். 5.1-ல் அந்த இரண்டும் முதுகுக்கு நேர் பின்னால் வர வேண்டியதில்லை. நேர் எதிர்ப் பார்வையிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள், அதாவது தோளுக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தால் போதும். சோபாவுக்கு இரு பக்கச் சுவரில், உட்கார்ந்தவர் காதுக்கு ஓரிரண்டு அடி மேலே மாட்டுங்கள்.

எத்தனை வாட்ஸ் வேண்டும்?

அட்டைப் பெட்டியில் 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கண நேர உச்சத்தை வைத்து, அவரவர் இஷ்டப்படி எழுதுவது அது. 'ஆர்எம்எஸ்' என்று இருப்பதைப் பாருங்கள், தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான். நானும் முதல் சம்பளத்தில் அப்படி ஒரு பெரிய எண்ணைப் பார்த்து ஐந்து பெட்டி செட் ஒன்று வாங்கி வந்தேன். பாதிச் சத்தம் வைத்ததுமே கரகரத்தது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று, 20 வாட்ஸை 40 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் ஒரு பெட்டிக்கு 30, 40 வாட்ஸ் நல்லதாக இருந்தால் தாராளம்.

ஊஃபர் வைத்தால் பக்கத்து வீட்டில் சண்டை வருகிறது. என்ன செய்வது?

வேலூர் சைதாப்பேட்டை, கொசப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் இது உண்மையான பிரச்சினை. அடி ஒலி சுவர் வழியே நடந்துபோகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், அதை ஒரு செங்கல் சுவர் முழுசாகத் தடுக்காது. இரண்டு விரல் தடிமன் உள்ள டிவிக்கு அந்த ஒலி வராமல் இருப்பதும் இதனால்தான்: அவ்வளவு காற்றைத் தள்ள அதில் இடம் இல்லை.

ஊஃபரை மூலையில் வைக்காதீர்கள். மூலை அடி ஒலியைக் கூட்டிக் குழப்பும். பொதுச் சுவரிலிருந்து தள்ளி, தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் டிவி பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று இல்லை. நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஊஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, அடி நன்றாக வரும் பாட்டு ஒன்றைப் போட்டு, தரையில் தவழ்ந்து அறையைச் சுற்றுங்கள். எந்த இடத்தில் அடி இரைச்சல் இல்லாமல் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே ஊஃபரை வையுங்கள். பிள்ளைகள் கூடவே தவழ்வார்கள். இரவு பத்துக்கு மேல் 'நைட் மோட்' போடுங்கள். பெரிய சத்தத்தை அடக்கி, சின்னக் குரலைத் தூக்கிக் கொடுக்கும்.

கேபிளில் வரும் சேனலுக்குச் சரவுண்ட் உண்டா?

பெரும்பாலும் ஸ்டீரியோதான், இடது வலது என்று இரண்டு ஒலிச் சேனல். ஐந்து பெட்டி இருந்தாலும் மூலத்தில் இருப்பது இரண்டுதான். ரிசீவர் அதைப் பிரித்து ஐந்துக்கும் கொடுக்கும், அது வேறு. ஓடிடியில் புதுப் படங்கள் பல 5.1-ல் இருக்கின்றன, சில அட்மாஸில். அதற்கும் உங்கள் சந்தாத் திட்டம் இடம் கொடுக்க வேண்டும். நாள் முழுக்கக் கேபிள் ஓடும் வீட்டுக்கு நல்ல இரண்டு பெட்டியே பெரிய மாற்றம் தரும்.

எந்த ஒயரில் இணைப்பது?

டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டைகளில் ஒன்றின் பக்கத்தில் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதியிருக்கும். டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கோ ரிசீவருக்கோ வெளியே அனுப்பும் ஓட்டை அது, அதில்தான் சொருக வேண்டும். மற்றதில் சொருகிவிட்டுச் சத்தம் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. ஏஆர்சி 2009-ல் வந்தது. ஓடிடியில் வரும் அட்மாஸ் அதிலேயே போகும். டிஸ்க்கில் தரம் குறையாமல் வரும் அட்மாஸுக்குத்தான் இஏஆர்சி வேண்டும். ஆப்டிகல் ஒயரில் சாதாரண டால்பி 5.1 வரும், அட்மாஸ் வராது. புளூடூத்தில் படம் பார்க்காதீர்கள். ஒலி பிந்தி வந்து, உதடு அசைந்த அப்புறம் வசனம் கேட்கும். பாட்டுக்கு மட்டும் சரி.

'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் வருகிறது.

பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று பொருள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆம்ப், டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றும் ஒரே போர்டில் இருக்கட்டும். அப்போதும் நிற்காவிட்டால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் இரைச்சல் அந்த வழியாக வருகிறது என்று பொருள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால், அது சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள், இல்லையென்றால் இரைச்சல் அதனால் இருக்கலாம்.

ஆடி, ஆவணியில் நம் பக்கம் சாயங்காலம் திடீரென்று இடியும் மின்னலுமாக இறங்கும். பிளக்கைப் பிடுங்குகிறோம், கேபிள் ஒயரை விட்டுவிடுகிறோம். மின்னல் அந்த ஒயர் வழியாகவே உள்ளே வந்து டிவியையும் ரிசீவரையும் சேர்த்து எரித்துவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கழற்றுங்கள்.

புது வீடு கட்டுகிறோம். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

இதைக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். பூச்சு வேலைக்கு முன்னால் கூப்பிடுங்கள். டிவி வரும் சுவரிலிருந்து சோபா பக்கத்து இரண்டு சுவருக்கும் ஓர் அங்குலக் குழாய் பதித்து வையுங்கள். உள்ளே இழுப்புக் கம்பி போட்டுவிட்டால் ஒயரை எப்போது வேண்டுமானாலும் இழுக்கலாம், எலியும் கடிக்காது. கரண்ட் ஒயர் போகும் குழாயில் ஸ்பீக்கர் ஒயரைச் சேர்க்காதீர்கள். ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் போட்டதும் அதே நிறத்தில் கிடைக்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்துவிடும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர் ஹாலுக்குப் போதும்.

கடையில் எப்படிச் சோதித்து வாங்குவது?

சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டுவார்கள். செய்தி போடச் சொல்லுங்கள். நடுவிலிருந்து விலகிப் பக்கவாட்டில் நின்று, டிவிக்கு முதுகைக் காட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் பிடிபடுகிறதா? ஷோரூமில் ஏசி, உங்கள் வீட்டில் ஃபேன். சத்துவாச்சாரியில் ஹைவே ஓரம் என்றால் லாரிச் சத்தமும் உண்டு. கடையிலேயே இழுபறியாகப் புரிவது வீட்டில் புரியாது.

மொத்தப் பணத்தில் டிவிக்கு எவ்வளவு, ஒலிக்கு எவ்வளவு?

என் கணக்கு மூன்றில் இரண்டு பங்கு டிவிக்கு, ஒரு பங்கு ஒலிக்கு. படம் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மாடலில் ஒன்று உள்ளே சரவுண்ட் என்பதற்காகவே விலை கூட என்றால், குறைந்ததை எடுத்து வித்தியாசத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அந்த மிச்சத்தில் கடைக்காரர் இன்னும் பெரிய திரையைக் காட்டுவார். அதை ஒலிப் பக்கம் திருப்பச் சொல்வேன். டிவி போர்டு போனால் உள்ளே இருக்கும் சரவுண்டும் அதோடு போகும். பெட்டி அடுத்த டிவிக்கும் இருக்கும்.

பரணில் அப்பாவின் பழைய டெக் செட் பெட்டிகள் இருக்கின்றன. அவை ஆகுமா?

வலையைக் கழற்றி, ஒலி எழுப்பும் கூம்பின் (கோன்) ஓரத்தில் இருக்கும் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் நம் வெயிலில் பொடிந்து விரலோடு வந்துவிடும். வளையத்தை மட்டும் மாற்றலாம், பழைய ஆட்கள் இன்னும் செய்கிறார்கள். ரப்பர் என்றால் அனேகமாக நன்றாகவே இருக்கும். ராணிப்பேட்டையில் ஒரு வீட்டில் அப்படி இரண்டு பெட்டி இறங்கியது, மேலே ஒரு விரல் தூசி. வளையம் ரப்பர். கையகல ஆம்ப் ஒன்று வாங்கி, டிவியின் ஹெட்போன் ஓட்டையில் கொடுத்தேன். வீட்டுக்காரர் செய்தி சேனலை வைத்தார். சமையலறையில் இருந்த அவர் மனைவி, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஹாலுக்கு வந்து பார்த்தார்.